புதன்கிழமையும் ஒரு கிரேக்க வினைச்சொல்லும்

என்னை முதன்முதலில் தெய்வமாக்கியவர் என் மச்சாள்தான். கணவரின் தங்கை. அவர் எட்மண்டனில் இருக்கிறார், நான் விம்பிள்டனில். இரண்டும் லண்டன்தான். ஆனால் இந்த ஊரில் வடக்கே இருப்பவர்கள் தெற்கே வருவதென்றால் ஏதோ கடல் தாண்டி வருவதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். கணவர் காலமான மறு வருடம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மாமியை என் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மச்சாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

"அண்ணி, நீங்கள் மனுசியில்லை. தெய்வம்!"

எனக்கும் அழுகை வந்தது. பொய் சொல்வானேன், அன்று அந்தச் சொல் இனித்தது. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஒரு சின்ன வீடும் மாமியும்தான் மிச்சம் என்று நின்றவளிடம் வந்து தெய்வம் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? மச்சாள் தேநீர் குடித்துவிட்டு, ட்ரஃபிக் கூடமுன் போகவேண்டும் என்று வெளிக்கிட்டார்.

அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் அந்தச் சொல்தான் பதிலாக வந்தது. முதுகு நோகிறது என்றால், "உங்களாலைதான் ஏலும் அண்ணி, எங்களாலை ஏலுமே? நீங்கள் தெய்வமெல்லோ." ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து நிற்க முடியுமா என்றால், "அம்மா உங்கட கையிலை இருக்கிறதாலைதான் நான் நிம்மதியாப் படுக்கிறன். கடவுள் உங்களை அனுப்பி வைச்சவர்." கனடாவில் இருக்கும் கொழுந்தனார் வீடியோவில் வந்து இரண்டு கையையும் கூப்புவார். கூப்பிய கையால் ஒரு குவளை தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நானும் திரும்பிக் கும்பிடுவேன். வேறென்ன செய்வது?

மாமி மட்டும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

"பிட்டு கட்டி கட்டியாக் கிடக்கு. இதை ஆர் தின்னுறது?"

"சொதிக்கு உப்புக் காணாது."

"சீ, பிரிட்ஜுக்குள்ளை வைச்சு எடுத்த கைமாதிரிக் கிடக்கு. சூடாக்கிப்போட்டுத் தொடு பிள்ளை."

எரிச்சலாகத்தான் இருக்கும். சில நாட்களில் கரண்டியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். இரவில் படுக்கைப் புண் வராமல் இருக்க மாமியைத் திருப்பிப் போடவேண்டும். விடியப் பார்த்தால் நான் படுத்த நேரத்தைவிட எழும்பிய நேரம் கூடவாக இருக்கும். காலையில் கவுன்சில் அனுப்புகிற பிள்ளை வந்து குளிப்பாட்ட உதவிவிட்டு அரை மணியில் ஓடிவிடுவாள். அவளுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. மிச்சப் பகல் முழுக்க நான்தான்.

எனக்கென்று இருந்தது புதன்கிழமைக் காலை ஒன்றுதான். ஒரு தொண்டு அமைப்பிலிருந்து தலை நரைத்த ஒரு பெண்மணி வந்து மாமியுடன் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் டிவியில் வீடு வாங்கி விற்கிற நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு பாஷையில் அந்த வீடுகளுக்குக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாமிக்கு அவரை நல்ல விருப்பம்.

அந்த இரண்டரை மணித்தியாலத்தில் நான் நூலகத்தின் மேல்மாடியில் நடக்கிற வகுப்புக்குப் போனேன். தையல் வகுப்புக்குத்தான் முதலில் கேட்டேன். அது நிரம்பிவிட்டது. அந்த நேரத்துக்கு இடமிருந்தது கிரேக்கம் ஒன்றுக்குத்தான். சரி, கிரேக்கத் தீவுகளுக்கு விடுமுறை போகிறவர்கள் கடற்கரையில் சாப்பாடு கேட்கப் படிக்கிற பாஷை என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இரண்டு மூன்று வகுப்பு போன பிறகுதான், இது இன்றைக்கு யாரும் பேசாத பழைய கிரேக்கம் என்று விளங்கியது. சாப்பாடு கேட்டாலும் கொண்டுவந்து தர யாரும் உயிரோடு இல்லை. எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஏன் விடவில்லை என்று இப்போது யோசித்தால் காரணம் சின்னதுதான். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாருக்கும் நான் தேவைப்படவில்லை. நான் பிழையாகச் சொன்னால் யாருக்கும் புண் வராது. காதில் கருவி மாட்டிய வயதான ஆசிரியை, "பரவாயில்லை, மறுபடி பாருங்கள்" என்பார். மறுபடி பார்ப்பேன். அவ்வளவுதான் வேலை. போகிற வழியில் பிள்ளையார் கோயில். சில நாள் உள்ளே போவேன், சில நாள் தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டு, வகுப்புக்கு நேரமாச்சு என்று பிள்ளையாருக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டு ஓடுவேன். ஓட ஓர் இடம் இருந்தது. அதுதான் பெரிய விஷயம்.

புதன்கிழமைகளில் மாமியுடன் இருக்கும் அந்தப் பெண்மணிக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்தது. அடுத்த கிழமையோடு சரி, பதிலுக்கு அனுப்ப இப்போதைக்கு ஆள் இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரில் என்ன பிழை? நல்லபடியாகச் செய்து வாருங்கள் என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு, குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மச்சாளுக்குப் புதன்கிழமை வேலை இல்லை. அது எனக்குத் தெரியும்.

"தங்கச்சி, புதன்கிழமைக் காலமை மட்டும் நீர் வந்து அம்மாவோடை இருக்க ஏலுமே? மத்தியானத்துக்கு முதல் நான் வந்திடுவன்."

"ஐயோ அண்ணி, எனக்கு அந்த ஒரு நாள்தானே ஓஃப். உடுப்புத் தோய்க்கிறது, சமையல், எல்லாம் அண்டைக்குத்தான். பேந்து, அம்மாவைத் தூக்கிப் பிடிக்க எனக்குப் பழக்கமில்லை. பயமாக் கிடக்கு. நீங்கள் எண்டால்..."

அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வந்தது.

"...தெய்வம்மாதிரி. அண்ணி, அம்மாவின்ர எண்பதாவது பிறந்தநாள் வருகுதெல்லே? நாங்கள் மண்டபம் எடுத்து வடிவாச் செய்யப் போறம். அதிலை உங்களுக்கும் ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. இப்ப சொல்லமாட்டன்!"

நான் கேட்டது ஒரு காலை. கிடைத்தது ஒரு சர்ப்ரைஸ். போனை வைத்துவிட்டுப் பிட்டை அவித்தேன்.

கடைசி வகுப்புக்குப் போனேன். கடைசி என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆசிரியை பலகையில் ஒரு சொல் எழுதினார்: அப்பொதெயோ-ஓ. ஒருவரைத் தெய்வமாக்குவது என்று பொருள் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சொல்லை அவர் கழற்றிக் காட்டினார். நடுவில் இருப்பது தெயொஸ், தெய்வம். பின்னால் ஒட்டியிருக்கும் ஓ-ஓ என்ற வால், ஒன்றை இன்னொன்றாக்குவதைச் சொல்கிறது. எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் அதைப் போட்டாலும் அப்படி ஆக்குவது என்று வந்துவிடும். முன்னால் நிற்கும் அப்பொ என்றால் ஒன்றிலிருந்து விலகி, அப்பால் என்று அர்த்தம். வினையோடு சேரும்போது முற்று முழுதாக என்ற அர்த்தத்தையும் கொடுக்கும். முழுதாகத் தெய்வமாக்கிவிடுவது. அந்தக் காலத்தில் அரசர்கள் இறந்த பிறகு அவர்களைத் தெய்வம் என்று அறிவித்துக் கோயில் கட்டுவார்கள், அப்படியான இடங்களில் இந்த வினை வரும் என்றார்.

"இறந்த பிறகுதானா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும்" என்றார். "உயிரோடு இருப்பவர்களையும் சிலர் ஆக்கியிருக்கிறார்கள்."

அது எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பிறகு அதே வாலைப் போட்டு வேறு சொற்களை எழுதச் சொன்னார். ஒருவர் விடுதலையாக்குவது என்று எழுதினார். இன்னொருவர் தெளிவாக்குவது. எனக்குக் கிடைத்த பெயர்ச்சொல் தூலொஸ், அடிமை. தூலோ-ஓ என்று எழுதினேன். அடிமையாக்குவது. சரி என்று ஆசிரியை ஒரு கோடு போட்டார். பலகையில் என்னுடைய சொல் தெய்வமாக்குவதற்கு நேர் கீழே வந்திருந்தது. ஒரே வால். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழவேண்டும் போலிருந்தது, கொட்டாவிதான் வந்தது. இரவு சரியாகப் படுக்கவில்லை.

பிறந்தநாள் விழா குரோய்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். வாழைமரம் கட்டி, மேடையில் பூ அலங்காரம் செய்து, மாமியை இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் சக்கரநாற்காலியோடு ஏற்றினார்கள். மச்சாள் பட்டுச் சேலையோடு நிலத்தில் உட்கார்ந்து, மாமியின் கால்களைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பன்னீரால் கழுவிப் பூப் போட்டார். பெற்ற தெய்வத்துக்குப் பாதபூசை என்று மைக்கில் அறிவித்தார்கள். மாமி இடக்காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் அவருக்கு உணர்வு இல்லை. தண்ணீர் பட்டது தெரிந்திருக்காது.

அடுத்தது என் சர்ப்ரைஸ். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பெரியவர் வாழ்த்துப்பா வாசித்தார். நடமாடும் தெய்வமே, பொறுமையின் பூமித்தாயே, தூக்கம் அறியா விழியாளே என்று அது போனது. தூக்கம் அறியா விழியாளே என்ற இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்த்துப்பாவை ஃபிரேம் போட்டுக் கையில் தந்தார்கள். நடுவில் என் படம். அச்சகக்காரர் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டமும் போட்டிருந்தார். கோயில் கலண்டரில் அம்மனுக்குப் போடுவது மாதிரியே இருந்தது. இதைக் கொண்டுபோய் வீட்டில் எங்கே மாட்டுவது, மாமியின் கொமோட் நாற்காலிக்கு மேலேயா என்று ஓர் எண்ணம் வந்தது.

"இப்ப அண்ணி ரெண்டு வார்த்தை கதைக்கப் போறா!" என்று மச்சாள் மைக்கைத் தந்தார்.

நன்றி சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் நினைத்தேன். ஆனால் மைக்கைப் பிடித்ததும் வந்தது வேறு.

"எல்லாருக்கும் நன்றி. எனக்குப் பொன்னாடை வேண்டாம். புதன்கிழமைதான் வேணும். புதன்கிழமைக் காலமை ஆராவது வந்து மாமியோடை இருப்பீங்களா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல். பாட்டைப் போட்டார்கள், கேக் வெட்டப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபப்படவும் சக்தி இல்லாமல் போய், ரோல்ஸ் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை மாமிக்குத் தேநீர் பருக்கிக்கொண்டிருந்தேன். மண்டபத்துச் சோறு அரைவேக்காடு, கேக்கில் சீனி கூட, பன்னீர் மலிவுப் பன்னீர் என்று எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, மாமி என்னைப் பார்த்தார்.

"நேற்று மைக்கிலை புதன்கிழமை எண்டு என்னவோ கேட்டனீ. என்ன அது?"

"ஒண்டுமில்லை மாமி. ஒரு வகுப்புக்குப் போறனான். இனி ஏலாது, அவ்வளவுதான்."

"என்ன வகுப்பு?"

"கிரேக்கம்."

"ஆருக்கு?"

மாமி கேட்ட விதம் சமையல் ஆருக்கு என்று கேட்பது போல இருந்தது. எனக்கு என்றேன். மாமி தேநீரில் ஆடை படிந்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். பிறகு, "போனை எடுத்து என்ர காதிலை வை" என்றார்.

மகளைக் கூப்பிட்டார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆகவே எல்லாம் கேட்டது.

"பிள்ளை, நேற்று எனக்குக் கால் கழுவிப் பூப் போட்டனியெல்லோ?"

"ஓம் அம்மா. வடிவா இருந்ததே?"

"வடிவாத்தான் இருந்தது. தெய்வம் எண்டு மைக்கிலையும் சொன்னவங்கள். அப்ப கேள். பூசை முடிஞ்சால் சாமி கோயிலுக்குள்ளையே இருக்கிறேல்லை. வெளிக்கிட்டு வீதி சுத்தி வீட்டு வாசலுக்கு வரும். நான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் உன்ர வாசலுக்கு வாறன். புதன் முழுக்க நிப்பன்."

"அம்மா, என்னம்மா திடீரெண்டு..."

"நீ நிறைகுடம் வைக்கத் தேவையில்லை. கட்டிலைக் கீழ்வீட்டிலை போட்டு வை. எனக்குப் படி ஏற ஏலாது."

மச்சாள் என்னென்னவோ சொன்னார். பழக்கமில்லை, பயம், உடுப்பு. மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாமிக்குக் காரணம் சொல்லக்கூடாது. போனை எடு பிள்ளை, கை நோகும்" என்றார். கடைசி வசனம் எனக்கு. எனக்குக் கை நோகும் என்று அந்த வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மச்சாளின் கணவர் யாரிடமோ வான் வாங்கிக்கொண்டு வந்தார். மருந்துகள், உடுப்பு, உள்ளே கட்டும் பாட், கொமோட் நாற்காலி எல்லாம் ஏற்றினோம். எப்படித் திருப்பிப் போடுவது, தலையணையை எங்கே வைப்பது என்று அவருக்குச் சொன்னேன். பாவம், மனுசன் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வான் கதவைச் சாத்துமுன் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"கதவை வடிவாப் பூட்டிக்கொண்டு படு. நாளைக்கு வகுப்புக்குப் போ. போகாமல் குசினியைக் கழுவிக்கொண்டு நிண்டியோ, வந்து கேப்பன்."

போகத்தான் நினைத்தேன். மெய்யாகவே. புதன்கிழமை காலை எழும்பி, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். புத்தகத்தையும் பைக்குள் வைத்தாயிற்று. வெளிக்கிடமுன் மாமியின் கட்டில் விரிப்பை மட்டும் உருவிப் போட்டுவிட்டுப் போவோம் என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் சாய்ந்தேன்.

கண்ணை முழித்தபோது வெயில் ஜன்னலின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சேலை கசங்கி, பை தோளிலேயே கிடந்தது. அந்த ஒரு காலைக்காக மைக்கில் மானத்தை விட்டு, மாமியை எட்மண்டனுக்கு அனுப்பி, கடைசியில் அதையும் நித்திரையில் விட்டுவிட்டேனே என்று முதலில் நெஞ்சு பதறியது. பிறகு படுத்தபடியே கிடந்தேன். முதுகு நோகவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு எங்குமே நோகவில்லை.

போன் அடித்தது. மச்சாள். முதலும் பல தரம் எடுத்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணி..." குரல் கம்மிப்போய் இருந்தது. "இரவு நான் கண்ணை மூடேல்லை. திருப்பிப் போடு, தண்ணி தா, திருப்பிப் போடு எண்டு. இடுப்பு முறிஞ்சு போச்சு. இதை நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிறனீங்களே? அண்ணி, நீங்கள் ஒரு..."

நிறுத்திவிட்டார். நான் காத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான சொல் நாக்கின் நுனிவரை வந்திருக்கும். பின்னால் மாமியின் குரல் தெளிவாகக் கேட்டது. எட்மண்டனிலும் பிட்டு கட்டியாம்.

"அண்ணி," என்றார் மச்சாள் மெதுவாக, "உங்களுக்குக் களைக்கிறேல்லையே?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"களைக்குது, தங்கச்சி. நல்லாக் களைக்குது."

மறுபுறம் மச்சாள் அழத் தொடங்கினார். வேறு நாளென்றால் நான்தான் ஆறுதல் சொல்லியிருப்பேன், அழாதேயும், பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்ளுறன் என்று. அன்றைக்குச் சொல்லவில்லை. மாமியின் தலையணையைச் சரிசெய்து அதில் மறுபடி சாய்ந்துகொண்டேன்.

"அடுத்த புதனும் நீர்தான்" என்றேன்.